ஒரு விரல் இடைவெளி

எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் படுக்கிறவரின் உடம்பின்மேல் போடுகிற சுருளை வடிவமைப்பது என் வேலை. மெசின் என்பது பெரிய காந்தம். அது தடதடவென்று சத்தம் போட்டு உடம்பைக் கேள்வி கேட்கும். உடம்பு திருப்பிச் சொல்கிற பதில் மிக மிக மெல்லியது. அதைக் கேட்பதற்குத்தான் சுருள். உடம்போடு எவ்வளவு ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவு நன்றாகக் கேட்கும். ஒரு விரல் இடைவெளி விழுந்தாலும் பதிலில் இரைச்சல் ஏறத் தொடங்கிவிடும். இதை நான் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அழகாகவே சொல்வேன், கைதட்டுவார்கள். கேட்பதைப் பற்றி அவ்வளவு பேசியவள் எப்படிப்பட்ட செவிடு என்பதை இப்போது எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடம் கொழும்பில் இருக்கிறது. அங்கே நாங்கள் செய்துகொண்டிருந்தது மார்புக்கான வளையும் சுருள். சில கட்டிகள் எம்.ஆர்.ஐ.யில் மட்டும்தான் தெரியும். அந்தப் படத்தைப் பார்த்தபடியே ஊசியை விட்டுத் துணுக்குச் சதை எடுத்தால், கத்தி வைக்காமலே அது என்ன கட்டி என்று தெரிந்துவிடும். புழக்கத்தில் இருக்கிற சுருள் கெட்டியான பெட்டி. கிண்ணம் போல இரண்டு குழி இருக்கும். பெண் குப்புறப் படுத்து, குழிகளில் மார்பைத் தொங்கவிட்டு, அரைமணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். தலையில் கயிற்றை மாட்டி முதுகில் தேயிலைக் கொழுந்து சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்த பெண்ணுக்கு அது தண்டனை. எங்கள் சுருளோ துணி. செப்புநூலை உள்ளங்கை அகல வளையங்களாகத் தைத்து, நடுவில் ஊசி போக ஜன்னல் விட்டிருந்தோம். மல்லாந்து படுத்தால் போதும். மலையில் பெண்கள் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுவது போல மேலே சுற்றிக் கட்டிவிடலாம்.

துணி உடம்பில் படிகிறதா என்று பார்க்க ஆட்கள் வேண்டும். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகப் பிள்ளைகள், இருபத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு. வயதான, வேலை செய்து காய்த்த உடம்புகள் வேண்டும் என்று பேராசிரியர் சொன்னபோது நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். எங்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள் என்றேன். கொட்டகலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் அது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் என்பதை அந்த அறையில் யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொள்கிற வியாதி எனக்கு உண்டு. அன்று அதற்குப் பயனும் இருந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் துணியை எடுத்துக்கொண்டு போனேன். மாதிரி என்றால் வெறும் மாதிரி. தைத்த துணி, அதில் ஒட்டிய செப்பு நாடா, அவ்வளவுதான். மின்சாரம் இல்லை, எதனோடும் இணைப்பு இல்லை. அதைப் போட்டு ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. படிகிறதா, தூக்கி நிற்கிறதா என்று அளந்து எழுதுவது மட்டும்தான் வேலை.

பகலில் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா ஞாயிறு என்பதால் காலியாக இருந்தது. சாவியை வாங்கி, பெஞ்சு இரண்டைச் சேர்த்துப் போட்டு, பெண்களைக் கூட்டி வந்தது எல்லாம் அக்கா. அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், அதே தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வாய் கொஞ்சம் நீளம். நான் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து, "எழுதுனவன் ஏட்டக் கெடுத்தான், படிச்சவன் பாட்டக் கெடுத்தான். நீ எதக் கெடுக்கப் போற?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அக்காவோடு சேர்த்துப் பதினான்கு பேர் வந்தார்கள். நான் எதிர்பார்த்தது ஐந்தாறு பேர். குளித்து, தலை வாரி, நல்ல சேலை உடுத்தி வந்திருந்தார்கள். வாரத்தில் ஒரே ஓய்வு நாளில் பெண்கள் இப்படி வரிசையாக வந்து நிற்கிறார்களே, ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நம் பிள்ளைக்காக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் குளிர்ந்துபோனேன். லயத்தில் அக்காவுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் மதினி மட்டும் கையில் கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்திருந்தார். பிரஷருக்காக ஆஸ்பத்திரியில் மாதாமாதம் எழுதித் தருகிற கொப்பி அது.

"இதுல ஒண்ணும் எழுத மாட்டியா பாப்பா?"

"வேணாம் மதினி. நான் ஏங் கொப்பில எழுதிக்கிறேன்."

சம்மதப் படிவம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழ்ப் படிவத்தை நான்தான் செய்ய வேண்டும். நேரம் கிடைக்கவில்லை, வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். முதலில் வந்த இரண்டு மூன்று பேரிடம், இது மெசினுக்குப் போடுகிற துணி, அளவு பார்க்கிறேன் என்று சொன்னேன். பிறகு வந்தவர்களிடம் அதுவும் சொல்லவில்லை. மெசின் என்ற சொல்லும், டொக்டர்கள் போல நான் மாட்டியிருந்த கையுறையும், சட்டையைக் கழற்றி மெல்லிய துணி போர்த்திப் படுக்கச் சொன்னதும் அவர்களுக்கு வேறொன்றைச் சொல்லியிருக்கின்றன. கையெழுத்துப் போடுகிற இடத்தைக் கேட்டார்கள், காட்டினேன்.

அக்கா நான்காவதாகப் படுத்தாள். வலப்பக்கம் துணி அழகாகப் படிந்தது. இடப்பக்கம், அக்குளை ஒட்டிய இடத்தில் தூக்கி நின்றது. அவிழ்த்து மறுபடி கட்டினேன். அப்போதும் தூக்கி நின்றது. உள்ளங்கையால் அழுத்தினேன். கெட்டியாக இருந்தது. அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள்.

"வலிக்குதா?"

"ஒங் கைதான் ஐஸ் மாதிரி இருக்கு. நீ பாரு."

நான் பார்த்தேன். அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கொப்பியில் எழுதினேன்: ஆள் எண் நான்கு, இடது அக்குள் ஓரம், துணி படியவில்லை, ஒரு விரல் இடைவெளி. பக்கத்தில் காரணமும் எழுதினேன்: வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்ததால் தோள் தசை பருத்திருக்கலாம். அந்த வரியை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. எந்த ஆய்வாளனுக்குத் தெரியும் கொழுந்து எடுப்பவளின் தசை என்று நினைத்தேன். அக்கா படுத்திருந்த நேரம் முழுவதும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்கு நினைவிருக்கிறது. துணியைச் சுருட்டிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கொழும்புக்குத் திரும்பி, அந்த இடைவெளியைத் தீர்க்கத் துணியின் அக்குள் ஓரத்தில் ஒரு மடிப்பு வைத்தேன். உடம்பு மேடாக இருந்தால் மடிப்பு விரிந்து கொடுக்கும். நல்ல யோசனை. உண்மையாகவே நல்ல யோசனை, இன்றைக்கும் அந்தச் சுருளில் அது இருக்கிறது. அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசி, மலையகப் பெண்களின் உழைப்பு அவர்கள் உடம்பில் எழுதியிருப்பதை எங்கள் சுருள் படிக்கிறது என்று ஒரு வாக்கியம் வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஆவணியில் அக்கா எனக்குப் போன் எடுத்தாள். இடது கை வீங்கியிருக்கிறது, கயிற்றைத் தலைக்குத் தூக்க முடியவில்லை என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மறுநாள் போய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் சிங்களவர், வயதானவர், தமிழ் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன்.

அவர் கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு விரலை அக்குள் ஓரத்தில் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர் முகம் மாறிவிட்டது. சுருளும் வேண்டியிருக்கவில்லை, மெசினும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரல் போதுமாக இருந்தது. என் கை முழுவதும் அந்த இடத்தில் இருந்திருக்கிறது.

எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"தைப்பொங்கலுக்கு முந்தியே இருந்துச்சு" என்றாள் அக்கா.

மொழிபெயர்த்தேன். அவருக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலம் ஏன் வரவில்லை, படித்த தங்கை இருந்தும் ஏன் வரவில்லை என்றார். அதையும் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"நீதான் பாத்தியே" என்றாள். "துணி போட்டு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. அக்கா அதைப் பார்த்துவிட்டு டொக்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெதுவாக, "லீவு கெடைக்கலன்னு சொல்லு" என்றாள்.

டொக்டர் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு பதில்கள் என் கையில் இருந்தன. தோட்டத்தில் லீவு கொடுக்கவில்லையாம் என்று சிங்களத்தில் சொன்னேன். நல்ல சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, தோட்டத்துக்காரர்களைத் திட்டிவிட்டு, எழுதத் தொடங்கினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்.

"கட்டி இருந்தது ஒனக்குத் தெரியுமா, அன்னிக்கு?"

"தெரியாமயா நாலாவது ஆளா வந்து படுத்தேன்? ஆஸ்பத்திரிக்குப் போனா எவனெவனோ பாப்பான். ஏந் தங்கச்சியே மெசின் கொண்டு வர்றா, அவ பாக்கட்டும்னு இருந்தேன். நீ பாத்த, அமுக்குன, எழுதுன. ஒண்ணுஞ் சொல்லல. இருந்தா சொல்லியிருப்பியேன்னு நெனச்சேன்."

"அது மெசின் இல்லக்கா. வெறும் துணி. அதுல ஒண்ணுமே இல்ல."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். வெளியே மழை மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "அத அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பரிசோதனை முடிவுகள் வந்தன. கட்டி முதுகெலும்பு வரை போயிருந்தது. மருந்து கொடுப்பார்கள், நாளைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். தை மாதத்தில் வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டார். மீதியை நான் இரவும் பகலும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவள் என்பார்கள். நான் கட்டியின்மேலேயே கையை வைத்துக்கொண்டு தேடினேன், கொழும்பில் போய்த் தேடினேன்.

இரண்டாவது தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வந்து படுத்திருந்தபோது அக்காதான் கேட்டாள்.

"அன்னிக்கு எத்தன பேரு படுத்தோம்?"

"பதினாலு."

"மத்த பதிமூணு பேரு?"

அந்தக் கேள்வி எனக்கும் வந்திருந்தது, அதை உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். உன் வைத்தியம் முடியட்டும் என்றேன். "என்னப் பாத்துக்கிட்டு இங்க குந்தியிருக்காத. அவங்ககிட்ட போயிச் சொல்லு" என்றாள்.

சொல்லாமலே காரியத்தை முடிக்கப் பார்த்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. தோட்டத்து மிட்வைஃபைப் பிடித்து, பெண்களுக்கு மார்புப் பரிசோதனை என்று ஒரு நாளை ஒழுங்கு செய்தேன். எல்லாருக்கும் பொதுவாக, யாருக்கும் காரணம் சொல்லாமல். மற்ற லயங்களிலிருந்து சிலர் வந்தார்கள். அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவரும் வரவில்லை. மிட்வைஃப் என்னிடம் சலித்துக்கொண்டார். "ஒங்க லயத்து ஆளுங்களக் கேட்டா, எங்களுக்கு முந்தியே பாத்தாச்சுங்கிறாங்க மிஸ். யாரு பாத்தாங்கன்னு தெரியல" என்றார்.

அதற்குள் இன்னொன்றும் நடந்திருந்தது. லீவு கிடைக்காததால்தான் முற்றிவிட்டது என்று அக்கா லயத்திலும் சொல்லி வைத்திருந்தாள். அதைக் கேட்டுப் பெண்கள் காலையில் வேலைக்குக் கூடுகிற பெரட்டில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கை வளைத்துத் திட்டியிருக்கிறார்கள். லீவு எழுதுகிற ஆள் அவர்தான். அவர் என்னை ரோட்டில் நிறுத்தி, "ஒங்க அக்கா எங்கிட்ட லீவே கேக்கலியேம்மா, நான் எப்ப இல்லன்னேன்?" என்று கேட்டார். பாவம், கண் கலங்கியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நான் அவர் முன்னால் நின்றேன்.

அடுத்த ஞாயிறு அதே பிள்ளைக்காம்பராவுக்குப் பதின்மூன்று பேரையும் கூப்பிட்டேன். இந்த முறை யாரும் நல்ல சேலை உடுத்தி வரவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன். தை மாதம் நான் கொண்டு வந்தது மெசின் இல்லை, துணி. உங்களுக்குள்ளே இருந்த எதையும் அது பார்க்கவில்லை. அக்காவுக்குக் கட்டி அப்போதே இருந்தது, என் கை அதன்மேலேயே இருந்தது, நான் தசை என்று எழுதிக்கொண்டேன். நான் பார்த்துவிட்டேன் என்று நம்பி அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பது பொய், கண்டாக்கு ஐயா மேல் ஒரு தப்பும் இல்லை. நாளைக் காலை பஸ்ஸில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், டொக்டரிடம் பேசி வைத்திருக்கிறேன்.

சிலர் சேலைத் தலைப்பை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டார்கள். அன்று வெட்கத்தைவிட்டுக் கழற்றியவர்கள், இப்போது மூடிக்கொண்டார்கள். மதினிதான் கேட்டார்.

"அப்ப எதுக்கு எங்க சட்டையக் கழட்டச் சொன்ன?"

"அளவு பாக்க, மதினி."

"யாரோட அளவ?"

"துணியோட அளவ."

"ஓ" என்றார் மதினி. எழுந்து போனார், மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

அக்காவின் காம்பராவுக்குப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"லீவு கெடைக்கலன்னு நாஞ் சொன்னதையுமா?"

"அதையுந்தான்."

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "அத நீ வச்சிருந்திருக்கலாம்டி. ஒனக்குன்னு சொன்னது அது" என்றாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் திரும்பவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு பேர் பஸ்ஸுக்கு நின்றார்கள். மதினி ரோட்டின் மறுபக்கத்தில் இருந்தார். படங்கைக் கட்டி, கொழுந்துப் பையைத் தோளில் போட்டு, மலைக்குப் போகிற கோலத்தில் இருந்தார். நான் ரோட்டைக் கடந்து போய்க் கூப்பிட்டேன். ஒரே ஒரு நாள் மதினி, டொக்டர் கையால் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான் என்றேன்.

"எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார் அவர், இன்றைக்கு மழை வரும் என்பது போல. "சின்னதுதான். சித்திரையிலேருந்து இருக்கு."

"அப்ப வாங்க மதினி. இப்பவே வாங்க."

"நீ சொன்னன்னு அன்னிக்குப் படுத்தேன். இன்னிக்கும் நீ சொல்லியா நான் போகணும்?"

பஸ் வந்து நின்றது. பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். மதினி பையைத் தலைக்கு ஏற்றிக் கயிற்றைச் சரிசெய்துகொண்டு மலைப்பாதையில் ஏறத் தொடங்கினார். நான் ரோட்டின் நடுவில் நின்றேன். அவர் கையைப் பிடித்து இழுக்கலாம். பிடிக்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர் முதல் வளைவைத் தாண்டிவிட்டார்.